அபார்ட்மென்ட் தண்ணீரில் பூத்த ரோஜா

பவி,

இந்தக் கடிதத்தை வெள்ளிக்கிழமை கல்யாணம் முடிந்து, ஜோகுபாளையத்தில் உன் மாமியார் வீட்டில் உன் பெட்டியைத் திறக்கும்போதுதான் நீ பார்க்க வேண்டும். முன்னாலேயே பார்த்தால் அழுவாய். நீ அழுதால் உன் அப்பாவும் அழுவார். அவர் ஆரம்பித்துவிட்டால் பந்தல்காரருக்கும் சமையல்காரருக்கும் பதில் சொல்ல இந்த வீட்டில் ஆள் இருக்காது. அதனால் புடவைகளுக்கு அடியில் வைக்கப்போகிறேன். இப்போது ஹாலில் உன் பெரியம்மா தாம்பூலப் பை போட்டுக்கொண்டிருக்கிறாள், சமையலறையில் யாரோ மிக்ஸியை விடாமல் ஓட்டுகிறார்கள், உன் அறையில் நீ மருதாணிக் கையை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். எழுத இடம் தேடித் தேடி, கடைசியில் மோட்டார் ரூமுக்கு வந்து, உரமூட்டையின் மேல் உட்கார்ந்து, உன் பழைய காலேஜ் நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களில் எழுதுகிறேன். வெளியே நல்ல வெயில். சொட்டுநீர் ஓடிக்கொண்டிருக்கிறது.

கல்யாணமாகிப் போகிற பெண்ணுக்கு அம்மா புத்தி சொல்லி அனுப்ப வேண்டுமாம். நேற்று பெரியம்மா இரண்டு தடவை ஞாபகப்படுத்தினாள். யோசித்துப் பார்த்தேன். இந்தச் சில வருஷங்களில் நம் வீட்டில் புத்தி பெரும்பாலும் உன்னிடமிருந்து என் பக்கம்தான் வந்திருக்கிறது. உனக்குக் கொடுக்க என்னிடம் இருப்பது நான் செய்த தப்புகள். அதில் இரண்டு பெரியவை. ஒன்று உனக்குப் பாதிதான் தெரியும். இன்னொன்று முழுவதும் தெரியும், ஆனால் நாம் அதைப் பற்றி உட்கார்ந்து பேசியதே இல்லை. இரண்டையும் என் கையாலேயே எழுதித் தந்துவிடுகிறேன்.

முதல் தப்பு தண்ணீரை விற்றது. அப்போது நீ காலேஜில் இருந்தாய். நம் ஒன்றரை ஏக்கரில் முக்கால்வாசி பட்டன் ரோஜா, மீதி சாமந்தி. போர்வெல்லில் தண்ணீர் தாராளமாக வந்துகொண்டிருந்தது. நாம் அதை யோக்கியமாகச் செலவழித்தவர்கள் என்றும் சொல்ல மாட்டேன். மோட்டாரைப் போட்டுவிட்டு நான் உள்ளே போய் டி.வி. பார்ப்பேன். பாத்தி நிரம்பி, வரப்பு உடைந்து, தண்ணீர் ரோட்டுக்கு வந்து, பைக்கில் வருகிறவர் யாராவது ஹாரன் அடித்தால்தான் ஓடி வந்து நிறுத்துவேன். செடி குடித்ததைவிட ரோடு குடித்ததுதான் அதிகம். பெங்களூர் வளர்ந்து, நம் சந்தாபுராவைச் சுற்றி அபார்ட்மென்ட்டுகள் எழும்ப எழும்ப டேங்கர் வண்டிகளும் பெருகின. ஒருநாள் ஒரு டேங்கர்காரர் நம் வாசலில் வந்து நின்று, "உங்க போர்ல நல்லா தண்ணி வருதாமே, எங்களுக்குக் குடுங்க" என்று கேட்டார். உன் அப்பா என் பக்கம் திரும்பி, தலையைச் சொறிந்துகொண்டே, "வேணாம்மா, செடிக்கு எடுக்கறது வேற, வண்டிக்கு எடுக்கறது வேற" என்றார். நீ இன்றுவரை விற்றது அவர்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். நீ அவரைத் திட்டிய ஒவ்வொரு தடவையும் அவர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விற்கச் சொன்னது நான்தான் பவி. "பூ விலை போகாம வாடறதப் பாத்துட்டு உக்காந்திருக்கறதுக்கு, வர்ற தண்ணிய வித்தா என்ன தப்பு?" என்று நான்தான் அவரை மடக்கினேன். விடியுமுன் எழுந்து பறித்து, கே.ஆர். மார்க்கெட்டுக்கு அனுப்பி, அன்றைக்குப் பூ விலையில்லாமல் சீப்பட்டுக் கிடக்கிறது என்று மூட்டையோடு கொட்டிவிட்டு வருவது எனக்கு அலுத்துப் போயிருந்தது. தண்ணீருக்கு அந்தக் கவலை இல்லை. வாடாது. முள் குத்தாது.

இரண்டு கோடை வண்டிகள் வந்தன. ரோஜாவில் பாதியை நானே பிடுங்கிப் போட்டேன், வண்டி திரும்ப இடம் வேண்டும் என்று. இரண்டாவது கோடையில் ஒரு பகல் நேரம், பக்கத்து நிலத்து ரத்னம்மா வந்தாள். இரண்டு மாடும் கொஞ்சம் தக்காளியும்தான் அவள் பிழைப்பு என்பது உனக்குத் தெரியும். சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "அக்கா, நம்ம மோட்டரு ஓடுது, ஆனா நீரு பரல்லா. வெறும் காத்துதான் எறைக்குது" என்றாள். அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு டேங்கர் நிரம்பிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்க்காத மாதிரி, "மழையே இல்லையே ரத்னம்மா, எல்லாருக்கும் இதே கஷ்டம்தான்" என்றேன். அவள் வண்டியை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனாள். அந்த வருஷம் அவள் தக்காளி போடவில்லை. அடுத்த மாசி பிறப்பதற்குள் நம் மோட்டாரும் காற்றைத்தான் இறைத்தது.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. உன் அப்பா எங்கிருந்தோ தேங்காய் வைத்து நீரோட்டம் பார்க்கிறவரைக் கூட்டி வந்தார். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்து, நிலம் முழுக்க நடந்தார். நாமெல்லாம் மூச்சுகூட விடாமல் பின்னாலேயே நடந்தோம். ரோஜாப் பக்கம் போனார், தேங்காய் அசையவில்லை. சாமந்திப் பக்கம் போனார், அசையவில்லை. வீட்டுக்குப் பின்னால் வந்ததும் தேங்காய் எழுந்து நின்றதே ஒரு நிலை! அது நம் கக்கூஸ் தொட்டிக்கு மூன்றடி தள்ளி. அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். "தேங்கா பொய் சொல்லலப்பா. தண்ணி அங்கதான் இருக்கு" என்றாய். அப்பா உன்னை முறைத்தார். கொஞ்சம் தள்ளித் துளை போட்டோம். வெள்ளைப் புழுதிதான் பறந்தது, தண்ணீர் வரவில்லை. அன்று மாலை நம் மூன்று பேர் தலையும் நரைத்த மாதிரி இருந்தது. உன் அப்பா குளிக்காமல் அப்படியே படியில் உட்கார்ந்திருந்தார். மிச்சமிருந்த ரோஜாச் செடிகள் ஒவ்வொன்றாக இலையை உதிர்த்துக்கொண்டிருந்தன.

நீ அப்போது படிப்பு முடித்து, எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் ஒரு கூரியர் ஆபீசில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாய். பஸ் நிற்கும் இடத்தில் ஒரு பெரிய அபார்ட்மென்ட், அதன் மதிலுக்கு வெளியே ஒரு குழாயிலிருந்து தினமும் தண்ணீர் சாக்கடை மோரியில் கொட்டுவதைப் பார்த்திருக்கிறாய். எல்லாரும்தான் பார்த்தார்கள். நீ மட்டும் ஒருநாள் பஸ்ஸை விட்டுவிட்டு, வாட்ச்மேனிடம் போய்க் கேட்டாய். அவர் கீழேயிருந்து ஓர் ஆளைக் கூப்பிட்டார். நீல சட்டை போட்ட ஒருவன் வந்தான். "வீட்டு உபயோகத் தண்ணிய சுத்தம் பண்ணி விடறோம்ங்க. ஃப்ளஷ்ஷுக்கும் புல்லுக்கும் போக மிச்சம். எங்க விடறதுன்னு தெரியாமத்தான் இப்படி விடறோம்" என்றான். அதுதான் கௌதமன். அன்று அவன் பெயர்கூட நீ கேட்கவில்லை என்று சத்தியம் செய்கிறாய். நம்புகிறேன்.

நீ வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் நான் போட்ட சத்தம் ரத்னம்மா வீடு வரை கேட்டிருக்கும். "கக்கூஸ் தண்ணில பூ வளக்கறதா? சாமி தலைக்குப் போற பூடி!" என்றேன். நீ செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று பதில் சொன்னாய். "சாமிக்குப் பூவே இல்லாமப் போறது பரவாயில்லையா? அந்த டேங்கர்ல போனது நம்ம தண்ணிம்மா. அவங்க குளிச்சு, துவைச்சு, கழுவி, சுத்தம் பண்ணி வெளிய விடறாங்க. நம்ம வீட்லருந்து போனதத்தான் நான் திரும்பக் கேக்கறேன்." பதில் தெரியாதபோது நான் என்ன செய்வேன் என்பது உனக்குத் தெரியுமே, பாத்திரத்தைச் சத்தமாகக் கழுவினேன். உன் அப்பாதான் நடுவில் வந்து, "ரெண்டு வரிசைக்கு விட்டுப் பாப்போம். செத்தா எப்படியும் சாகற செடிதானே" என்றார். அவர் வாழ்க்கையில் எடுத்த பெரிய முடிவு அதுதான் என்று நினைக்கிறேன். என்னைக் கட்டிக்கொண்டதைக்கூட அவர் அப்பாதான் முடிவு செய்தார்.

குழி வெட்டி, பிளாஸ்டிக் ஷீட் விரித்து, குட்டை தயாரானது. நம் தண்ணீரை வாங்கிப் போன அதே டேங்கர்காரரிடமே பேசினோம். குடிதண்ணீர் ஏற்றும் வண்டியில் இதை ஏற்றக் கூடாது என்று கௌதமன் பிடிவாதமாகச் சொல்லிவிட்டான். அவர் ஒரு பழைய வண்டியை இதற்கென்றே ஒதுக்கி, பின்னால் 'குடிப்பதற்கு அல்ல' என்று கன்னடத்தில் பெரிதாக எழுதினார். ஒரு வண்டித் தண்ணீரை வாய்க்காலில் விட்டால் நாலு பாத்தி தாண்டவில்லை. நீதான் அங்கே இங்கே விசாரித்துச் சொட்டுநீர்க் குழாய் போட ஏற்பாடு செய்தாய். அப்போதுதான் முதல் தடவையாக ஒரு செடி எவ்வளவு குடிக்கிறது என்று நான் கண்ணால் பார்த்தேன். இத்தனை வருஷம் அவற்றை நான் முக்குளிக்க வைத்திருக்கிறேன்!

மூன்றாவது வாரம் ரோஜா இலைகளின் ஓரம் கருக ஆரம்பித்தது. நெருப்பில் காட்டியது போல் சுற்றிலும் பழுப்புக் கரை. எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம், அதையும் ஒப்புக்கொள்கிறேன். "நான் சொன்னேன்ல?" என்று அன்று எத்தனை தடவை சொன்னேன் என்று எனக்கே தெரியாது. நீ கருகிய இலைகளை டிபன் பாக்ஸில் போட்டு எடுத்துக்கொண்டு கிளம்பினாய். அந்த ஆளை நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று நானும் உன்னோடு வந்தேன்.

அந்த அபார்ட்மென்ட்டுக்கு அடியில், கார் நிறுத்தும் இடத்துக்கும் கீழே இறங்கினோம். நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். பெரிய இயந்திரச் சத்தம், வரிசையாகத் தொட்டிகள். கௌதமன் இரண்டு கண்ணாடி பாட்டில்களைக் கொண்டுவந்து காட்டினான். ஒன்று சாம்பல் நிறம், இன்னொன்று தெளிவு. "இது உள்ள வர்றது, இது வெளிய போறது ஆன்ட்டி." நான் அவனை மடக்கலாம் என்று, "அப்ப இதைக் குடிக்கலாமா?" என்றேன். "கூடாது ஆன்ட்டி. குடிக்கலாம்னு யாராவது சொன்னா அவங்க பொய் சொல்றாங்கன்னு அர்த்தம். கீரை, கொத்தமல்லிக்கும் விடாதீங்க. பூவுக்கு விடலாம்" என்றான். மடக்கப் போன எனக்கு அந்த நேரான பதில் பிடித்துவிட்டது. ஆனால் அதை முகத்தில் காட்டவில்லை. அவன் டிபன் பாக்ஸைத் திறந்து ஓர் இலையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். எந்த நாளில் எடுத்த தண்ணீர் என்று கேட்டான், தன் நோட்டைப் புரட்டினான், நெற்றியில் அடித்துக்கொண்டான். மாடியில் கடினத் தண்ணீரை மென்மையாக்கும் இயந்திரம் ஒன்று இருக்கிறதாம். சில நாள் அதை உப்புப் போட்டுக் கழுவுவார்களாம். அந்த உப்புத் தண்ணீர் முழுவதும் இந்தத் தொட்டிக்குத்தான் வந்து விழுந்திருக்கிறது. "புல்லு தாங்கிச்சு, ரோஜா தாங்கல. நான் யோசிச்சிருக்கணும். தப்பு எங்க பக்கம்தாங்க" என்றான். என் ஆயுசில், ஓர் ஆண் பிள்ளை தானாகவே தப்பை ஒப்புக்கொண்டு நான் கேட்டது அன்றுதான் முதல் தடவை.

அன்றிலிருந்து உன் போனுக்கு அவன் மெசேஜ் வரும். 'இன்னைக்கு உப்பு. வண்டி அனுப்பாதீங்க.' நீ 'ஓகே' என்று அனுப்புவாய். அடுத்த நாள், 'இன்னைக்கு உப்பு இல்ல. எடுத்துக்கலாம்.' மறுபடி 'ஓகே'. உலகத்திலேயே சப்பென்ற மெசேஜ் என்று நினைத்தேன். மழைக்காலம் வந்தது, குட்டை நிரம்பி வழிந்தது, நாம் ஒரு வண்டிகூட வாங்கவில்லை. ஆனால் மெசேஜ் மட்டும் நிற்கவில்லை. 'இன்னைக்கு உப்பு' என்று போன் ஒலிப்பதும், நீ அதைப் பார்த்து அரை மணி நேரம் சிரிப்பதுமாக இருந்தது. உப்பில் அப்படி என்ன சிரிப்பு என்று உன் அப்பாவிடம் கேட்டேன். "உனக்குத் தெரியலன்னா விடு" என்றார். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, மனுஷர்.

இனி இரண்டாவது தப்பு. எழுதக் கை வரவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். சொட்டுநீர்க் குழாய்களில் பாசி அடைத்துக்கொண்டு, பாதி வரிசைக்குத் தண்ணீர் போகாமல் இருந்தது. சரிசெய்து தருகிறேன் என்று கௌதமன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வந்தான். வெயிலில் முட்டி போட்டுப் போட்டு ஒவ்வொரு குழாயின் கடைசி மூடியையும் திறந்து, பச்சை அழுக்கெல்லாம் வெளியே வரும் வரை தண்ணீரை விட்டான். ஃபில்டரைக் கழற்றிக் கழுவினான். மத்தியானத்துக்குள் எல்லா வரிசையும் சொட்டியது. நான் காபி கொண்டுவந்தேன். உனக்கும் அப்பாவுக்கும் ஸ்டீல் டம்ளர். அவனுக்குப் பேப்பர் கப். அவன் கையில் வாங்கும்போது ஒரு கணம் எல்லார் கையையும் பார்த்தான். பிறகு நிதானமாகக் குடித்தான். "காபி நல்லா இருக்கு ஆன்ட்டி" என்றான். குடித்து முடித்ததும் அந்தக் கப்பை நாலாக மடித்துத் தன் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு போனான்.

அவன் வண்டிச் சத்தம் மறைந்ததும் நீ என்னிடம் கேட்டாய், "நம்ம வீட்ல பேப்பர் கப் எப்பம்மா வந்துச்சு?"

வீட்டில் இருந்ததில்லை. அன்று காலை நான் கடைக்குப் போய் வாங்கி வந்தேன். அவன் செய்கிற வேலையை நினைத்து வாங்கினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மை இல்லை. ஜோகுபாளையத்தில் அவர்கள் எந்தத் தெரு, யார் என்ன என்பதையெல்லாம் முந்தின நாளே விசாரித்து வைத்திருந்தேன். நான் சாதி பார்க்கிறவள் இல்லை என்றுதான் அதுவரை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன், பவி. அப்படிச் சொன்ன அதே வாயோடு கடையில் போய் ஒரு பாக்கெட் கப் கேட்டேன். நீ சண்டை போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன். நீ ஒன்பது நாள் என்னிடம் பேசவே இல்லை. சாப்பிட்டாய், வேலைக்குப் போனாய், தோட்டத்தைப் பார்த்தாய். என் பக்கம் மட்டும் திரும்பவில்லை. அந்த ஒன்பது நாளும் வால்வைத் திறக்கப் போகும்போதெல்லாம் அவன் முட்டி போட்ட இடத்தில் மண் பதிந்திருப்பதைப் பார்த்தேன். பத்தாம் நாள் உன் அப்பாவிடம், "வாங்க, ஜோகுபாளையம் போகணும்" என்றேன். எதற்கு என்று கேட்காமல் சட்டையை மாட்டிக்கொண்டார்.

அங்கே நடந்ததை இதுவரை உன்னிடம் சொல்லவில்லை. குறுகலான தெரு, வாசலுக்கு வாசல் நீல டிரம். கௌதமன் வேலைக்குப் போயிருந்தான். அவன் அம்மா மட்டும் இருந்தார். கதவுக்கு மேலே புத்தர் படம், கீழே குரோட்டன்ஸ் தொட்டிகள். நாங்கள் யார் என்று சொன்னதும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, நல்ல டம்ளரில் டீ கொண்டுவந்தார். நான் குடிக்காமல் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். "உங்க பையனுக்கு நான் பேப்பர் கப்புல காபி குடுத்தேங்க. நாங்க எல்லாம் டம்ளர்ல குடிச்சோம். அதச் சொல்லத்தான் வந்தேன்." அவர் எதிரே வந்து உட்கார்ந்தார். "தெரியும். அன்னைக்கே வந்து சொன்னான். 'அவங்களே ஒருநாள் வந்து சொல்லுவாங்கம்மா'ன்னான். 'வரவே மாட்டாங்க, வேணா பாரு'ன்னு நான் சொன்னேன். நான் தோத்துட்டேன்" என்றார். பிறகு குரலை மாற்றாமலே, "ஆனா இன்னொரு வாட்டி நடந்துச்சுன்னா நானே வந்து கேப்பேன்" என்றார். "கண்டிப்பா கேளுங்க" என்றேன். அப்புறம்தான் அந்த அம்மா சிரித்தார். டீ ஆறிப்போயிருந்தது. அவர் சூடு பண்ணித் தந்ததைக் குடித்துவிட்டுத்தான் வந்தோம். உன் அப்பா பஸ்ஸில் ஜன்னலோர இடத்தை எனக்குக் கொடுத்தார்.

திரும்பி வந்த சூட்டோடு ரத்னம்மாவிடமும் போனேன். இந்தக் கதையில் உனக்குத் தெரியாத மிச்சம் இதுதான். அவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், மழையில்லை என்று சொன்னது பொய், என் டேங்கர்தான் காரணம் என்று. ஜோகுபாளையம் மாதிரி இங்கே நடக்கவில்லை. அவள் என்னைத் திட்டித் தீர்த்தாள், கன்னடத்தில் பாதி, தமிழில் பாதி. இரண்டு பாஷையும் தெரிந்தவளாக இருப்பது அன்றைக்கு எனக்குக் கஷ்டமாகப் போயிற்று. மூச்சு வாங்கியதும், "மன்னிப்பு கின்னிப்பு எல்லாம் வேணாம் அக்கா. உன் குட்டையிலருந்து எனக்கு ஒரு பைப் போடு. புல்லு போடணும்" என்றாள். அவளுடைய தீவனப்புல்லுக்கு அந்தக் குழாய் எப்படிப் போனது என்று நீ கேட்டபோது உன் அப்பா ஏற்பாடு என்று சொல்லிவிட்டேன். அவர் மேல் நிறையப் பழி போட்டிருக்கிறேன், ஒரு நல்ல பெயரும் இருக்கட்டுமே என்று.

இப்போது புத்தி சொல்லும் நேரம். பெரியம்மாவிடம் சொல்லிவிட்டேன் என்று கணக்கு காட்ட வேண்டும் அல்லவா? உன் மாமியார் குரோட்டன்ஸுக்கு உச்சி வெயிலில் இலை மேல் பக்கெட்டோடு ஊற்றுகிறார், நான் பார்த்தேன். முதல் மாதம் நீ அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். கஷ்டம்தான், எனக்குத் தெரியும். இரண்டாவது மாதம் அவராகவே உன்னிடம் கேட்பார், அப்போது சொல். தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் தெரு அது. டிரம் பிடிக்கும் வேலையில் அங்கே இருப்பவர்களிடம் நீ கற்றுக்கொள்ளத்தான் இருக்கிறது, சொல்லிக்கொடுக்க ஒன்றும் இல்லை. கௌதமனைப் பற்றி ஒன்று சொல்கிறேன். அவன் மனசில் பட்டதை மடித்து உள்ளே வைத்துக்கொள்கிற பிள்ளை. நன்றாக இருக்கிறேன் என்று அவன் சொல்லும் நாளில் இன்னொரு தடவை கேள். சண்டை வந்தால் நேரில் போடுங்கள், ஒரே வீட்டுக்குள் உட்கார்ந்து மெசேஜ் அனுப்பிக்கொள்ள வேண்டாம். என்னை மாதிரி பாத்திரத்தின் மேல் காட்டாதே, நம் வீட்டு நெளிந்த தட்டுகளைப் பார்த்தாலே தெரியும் அதில் பிரயோஜனம் இல்லை என்று. ஒன்பது நாள் பேசாமல் இருக்கும் வித்தை உனக்குத் தெரியும். அதை அவனிடம் எடுக்காதே. அது என்னைப் போன்ற கல்லுக்கு வைத்தியம், அவனுக்கு அது தாங்காது.

உன் வேலையை விட்டுவிடாதே. கூரியர் ஆபீசை விட்டுவிட்டு, அபார்ட்மென்ட் அபார்ட்மென்ட்டாகப் போய்ப் பேசி, சுற்றியுள்ள பூக்காரர்களுக்கெல்லாம் இந்தத் தண்ணீரைக் கொண்டுவரும் வேலையை நீ ஆரம்பித்தபோது, இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்டவர்களில் நானும் ஒருத்தி. ஜோகுபாளையத்திலிருந்து இங்கே வருவது தூரம்தான். வா, ஆனால் வேலைக்காக வா. அம்மா தனியாக இருப்பாளே, அப்பாவுக்குக் கால் வலிக்குமே என்று வராதே. அந்தக் கவலையோடு வருகிறவளுக்கு நான் கதவைத் திறக்கப் போவதில்லை.

இன்று காலை பெரியம்மா மெதுவாக என்னிடம் வந்து, "கல்யாண மாலைக்கும் இந்தத் தோட்டத்துப் பூவேதானா? மார்க்கெட்ல நல்லதா வாங்கிடலாமே" என்றாள். "மார்க்கெட்ல விக்கறதே நம்ம பூதான்க்கா. சுத்திட்டு வந்தா விலைதான் கூடும்" என்றேன். அவள் தன் கொண்டைக்கும் அதிலேயே ஒரு சரம் வேண்டும் என்றாள்.

இன்னொரு விஷயம். நீ நேற்று பார்லரில் இருந்தபோது உன் போன் அடித்தது, நான் எடுத்தேன். ஆனேக்கல் பக்கத்திலிருந்து ஒரு பெண். அங்கே பூப் போடும் பெண்கள் எட்டுப் பேர் சேர்ந்திருக்கிறார்களாம், போரெல்லாம் வற்றிவிட்டதாம், தோட்டத்தைப் பார்க்க வேண்டுமாம். "மேடம் இருக்காங்களா?" என்றாள். "மேடத்துக்குக் கல்யாணம். என்ன கேக்கணுமோ என்கிட்ட கேளும்மா" என்றேன். அவள் கேட்கக் கேட்க நான் சொல்லிக்கொண்டே போனேன். குட்டை எவ்வளவு ஆழம், ஷீட்டை எலி கடிக்காமல் எப்படிக் காப்பது, எந்தத் தண்ணீரை எடுக்கக் கூடாது, எத்தனை நாளுக்கு ஒரு தடவை குழாயைத் திறந்து விடுவது, எந்தச் செடிக்கு இது ஆகாது. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூட எனக்குத் தெரியவில்லை. கடைசியில் அவள், "நீங்க ஆபீஸ்ல வேலை செய்றவங்களா?" என்று கேட்டாள். "இல்லம்மா, நான் தோட்டக்காரி" என்றேன். சொல்லிவிட்டுத்தான் போய் அடுப்பை அணைத்தேன். இத்தனை வருஷத்தில் யாரிடமும் நான் அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவர்கள் வருகிறார்கள். எட்டுப் பேருக்கும் இட்லிக்கு மாவு அரைக்கச் சொல்லிவிட்டேன். நீ வர வேண்டாம், கல்யாணத்துக்கு மறுநாள் நன்றாகத் தூங்கு. உனக்கு அழைப்பில்லை.

அம்மா